ஒரு குரல் மட்டும்

முஃப்லிஹா வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். திரையில் பச்சைக் கோடு எழும்பி எழும்பி அடங்கியது.

பேசினால் மட்டும் எழும்ப வேண்டிய கோடு அது. கொழும்புக் கம்பனி அனுப்பிய புதுக் கணினியில் காலையிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றி, நிரல் எழுதி ஓட்டியும் பார்த்துவிட்டாள். மிச்சம் இந்த மைக் ஒன்றுதான். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்காக அதில் ஒரு மென்பொருள் இருந்தது. பேசுபவரின் குரலை ஒருதரம் கேட்டுப் பழகிக்கொள்ளும். பிறகு அந்த ஒரு குரலைத் தவிர மற்றச் சத்தம் எல்லாவற்றையும் அழித்துவிடும். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு குழுத்தலைவி சுஜாந்தி அழைத்துச் சோதிப்பாள். சரியென்றால் திங்கட்கிழமை வேலை தொடங்கும்.

அந்த வேலை அவளுக்கு வேண்டும். கட்டாயம் வேண்டும். கணவன் அஸ்ஜத் இருந்தவரை விடவில்லை. படித்தது போதும், வீட்டில் இரு என்று ஒரே கதை. பாலாவிச் சந்தியில் லொறி மோதி அவன் மவுத்தாகி ஒரு மாதம். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவை அவள் அவனுடைய வீட்டில், அவனுடைய அறையிலேயே இருந்துகொண்டிருந்தாள்.

வெளியே கற்பிட்டிக் காற்று தென்னோலைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் பரத்திய வெங்காயத்தின் காரமும் களப்புப் பக்கத்துக் கருவாட்டு வாடையும் திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வர, மின்விசிறி சுற்றுக்கு ஒருதரம் முனகியது. இந்தச் சனியன் பிடித்த சத்தங்கள்தான் கோட்டைக் குழப்புகின்றன என்று நினைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள். கதவின் கீழ் இடைவெளியில் துணியைச் சுருட்டி அடைத்துத் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"மதினி, ஏன் கதவ சாத்துற? வேர்க்குமே," என்றாள் வெளியிலிருந்து அஸ்ஜத்தின் தங்கை றிஷ்னா. அஸ்ஜத்தை 'நானா, நானா' என்று சுற்றிவந்தவள்.

"வேலைக்கு சத்தம் கூடாது புள்ள. கொஞ்சம் பொறு."

அறை இருண்டு புழுங்கியது. அலுமாரிக்குள்ளிருந்து அவனுடைய சட்டைகளின் வாடை வந்தது. திரையில் கொடுத்திருந்த வசனத்தை அவள் முதலிலிருந்து வாசித்தாள். குரல் பழகி முடிந்தது என்று காட்டியது. போட்டுக் கேட்டாள்.

அவளுடைய சொல் ஒன்றுகூட இல்லை. மூச்சு இருந்தது. நீளமான, கனத்த மூச்சு.

அதை அழிக்கக் கையை நீட்டினாள். அதற்குள் அழைப்பு வந்துவிட்டது.

"ஹலோ, முஃப்லிஹா?"

"ஓம், கேக்குதா?"

கோடு அசையவில்லை.

"ஹலோ? ஒண்டும் கேக்கேல்ல... ஆ, இப்ப கேக்குது. நீங்க அவவின்ட ஹஸ்பண்டா?"

முஃப்லிஹா பேசவேயில்லை. கோடு உயரமாக எழும்பி நின்றது.

"சுஜாந்தி, நான்தான். நான்தான் கதைக்கிறன்."

தட்டை.

கத்தினாள். தட்டை.

"அப்பிடியா சேர்," என்றாள் சுஜாந்தி. கோடு எழும்பியது. அடங்கியது. "வேலை வேணாமெண்டு அவவே சொன்னாவா? பரவாயில்ல சேர். ஆள் அனுப்பி கணினிய எடுக்கிறம்."

"வேணாம். வெச்சிராதீங்க."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. கோடு நிற்கவில்லை. எழும்பியது. அடங்கியது. எழும்பியது. அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. பிடரியில் மட்டும் சூடாக ஏதோ பட்டது.

கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் விரலில் வழுக்கியது. மறுபடி பிடித்து இழுத்தாள்.

"றிஷ்னா!"

தொண்டை கிழியக் கத்தினாள். வெளியே காலடிச் சத்தம் ஓடிவந்து கதவருகே நின்றது. அல்ஹம்துலில்லாஹ். கேட்டுவிட்டது.

றிஷ்னா விம்மினாள். வேறு யாரோ சொல்வதைக் கேட்பவள்போல் 'ம்... ம்...' என்றாள்.

"ஓம் நானா," என்றாள் பிறகு, மெல்ல. "பூட்டுறன்."

வெளிப்பக்கத்தில் பூட்டுக்குள் திறப்பு திரும்பியது.