மேடையில் பேசாத வாதம்

ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட் லாபிரின் வாசலில் பிரசாந்தி வந்து நின்றபோது, உள்ளே ஸியாத்தும் இருந்தான். லாபிரின் தங்கை மகன் அவன். மாம்புரி ஊரில் ஓர் ஆடு காணாமல் போனாலும் மாமாவுக்கு முன்னே ஓடித் தடயம் தேடுகிற ஆள், இன்றைக்குக் கதிரையை விட்டு அசையவில்லை.

பிரசாந்தி அவன் படிப்பிக்கும் பாடசாலையின் விவாத அணித் தலைவி. கூட வந்தவர் அணியைப் பழக்கிய திரேசா டீச்சர்.

"எங்கட வாதத்தையெல்லாம் புத்தளத்து அணிக்கு நான்தான் சொன்னனாம், அங்கிள்," என்றாள் பிரசாந்தி. "என்ர மச்சாள் அங்க படிக்கிறாள், அதுதான் காரணமாம். காலைக் கூட்டத்தில வைச்சு மாணவத் தலைவிச் சின்னத்தையும் கழட்டிப்போட்டினம்."

இலங்கை அரசியலமைப்பா, இந்திய அரசியலமைப்பா சிறந்தது? இதுதான் விவாதத் தலைப்பு. இவர்கள் இலங்கைப் பக்கம். சனிக்கிழமை மேடையில் எதைச் சொன்னாலும் எதிரணியிடம் பதில் தயாராக இருந்தது.

லாபிர் தேநீரை ஆற அமரக் குடித்து முடித்தார்.

"மகள், நீங்க பேசாத எதுக்காவது அவங்க பதில் சொன்னாங்களா?"

பிரசாந்தி யோசித்தாள். "ஓம். இந்தியாவில அமைச்சரவைக்குத் தலைமை தாங்கிறது பிரதமர், ஜனாதிபதி இல்லை, அதுகூடத் தெரியாதா எண்டு நக்கலடிச்சினம். நாங்கள் அந்தக் கதையே எடுக்கேல்ல."

"வியாழன் ஒத்திகையில அதை எடுத்தவை," என்றார் திரேசா. "எங்கட ஜனாதிபதிதானே இஞ்ச அமைச்சரவைக்குத் தலைவர். அங்கயும் அப்பிடித்தானெண்டு பிள்ளையள் நினைச்சிட்டினம். வெள்ளி மத்தியானம் நான்தான் பிழையெண்டு நீக்கினன்."

"வியாழன் ஒத்திகையில யாரெல்லாம் இருந்தாங்க?"

"நான், அணியில உள்ள மூண்டு பிள்ளையள், ஸியாத் சேர்."

"வெள்ளி மத்தியானம்?"

"நானும் பிள்ளையளும்..." டீச்சர் ஸியாத்தின் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பிள்ளை வியாழனே சொல்லியிருந்தாலும், வெள்ளி திருத்தினதையும் சொல்லியிருக்கும். சொன்ன ஆளுக்குத் திருத்தினதே தெரியாது," என்றார் லாபிர். "வெள்ளி மத்தியானம் ஒரு ஆள் ஜும்ஆவுக்கு வந்து எனக்குப் பக்கத்தில நின்டு தொழுதான். அதுக்கு நானே சாட்சி. வேற வழக்கென்டா அந்தச் சாட்சி அவனைக் காப்பாத்தியிருக்கும், இதில அதுவே காட்டிக்குடுக்குது."

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? ஸியாத் கதிரையை முன்னுக்கு இழுத்தான்.

"பரீனாவுக்கிட்ட சொன்னன், மாமா." அவனுக்கு நிக்காஹ் பேசி வைத்திருந்த பெண். புத்தளத்து அணியைப் பழக்குபவளும் அவள்தான். "என்ட பிள்ளைகள் எவ்வளவு கெட்டிக்காரங்க என்டு வியாழன் போன்ல பெருமை அடிச்சன். அவ அதைப் பாவிப்பா என்டு நினைக்கல்ல. பிறகு வாயைத் திறக்கப் பயந்துட்டன்."

பிரசாந்தி அவனையே பார்த்தாள். "சின்னத்தைக் கழட்டினது நீங்கள்தானே, சேர்."

பாடசாலை அதிபர் சொன்னார், அவன் கழற்றினான். ஊசி சட்டையில் சிக்கியபோது, "அழாத பிள்ளை" என்று ஆறுதல் வேறு சொன்னான். அதை நினைக்க அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"நாளைக்குக் கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால சொல்றன்," என்றான்.

"அது நாளைக்கு, சேர். இப்ப எங்கட வீட்டுக்கு வாங்கோ. சின்னம் கழட்டின நாளில இருந்து அம்மா என்னோட கதைக்கிறேல்ல."

ஸியாத் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் இறங்கினான்.