மூன்றாம் குளத்தில் ஆள் இல்லை

கரண்ட் போய் வந்த பிறகும் இறால் பண்ணையின் அறை பழையபடிதான் இருந்தது: மேசை மின்விசிறியின் இழுப்பு, ஏறாவூர் வாவியின் சேற்று நாற்றத்தை ஜன்னலால் உள்ளே தள்ளும் கச்சான் காற்று, மூலையில் அடுக்கிய இறால் தீனி மூட்டைகளின் புளித்த மணம். திரையில் ஒரு வரி மட்டும் பிசகியிருந்தது. மூன்றாம் குளம்: ஆள் இல்லை.

ஆனால் குளத்து வேலைக்கார ஆதம்பாவா காக்கா, ஜன்னலுக்கு நேரே, அங்கேதான் நின்றார். குளக்கட்டில் இருந்த சுவிட்சை அமத்திவிட்டு, சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு. குளத்தில் இறங்குகிறவர் அதை அமத்தினால், அவர் ஏறும்வரை சேர்வர் தண்ணீரடிக்கும் சக்கரங்களை ஓடவிடாது.

“மனே றிப்ஷான்! உன்ட பெட்டிக்கு என்னத் தெரியிதா? இல்லாட்டிச் சக்கரம் என்னயும் இறாலோட சேத்துக் கறியாக்கிப் போடும்!”

திரைக்கு முன்னால் இருந்த றிப்ஷானுக்குக் காது சுட்டது. கரண்ட் போனதில் குழம்பிக் கிடந்த சேர்வரை, அதன் மென்பொருள் கொன்டெய்னரோடு முதலிலிருந்து திரும்பக் கட்டியவன் அவன்தான். சுவிட்சைப் படிக்கும் துணை மென்பொருளான எக்ஸ்டென்ஷனின் பெயரை மட்டும் எழுதி, எந்த வேர்ஷன் என்று குறிக்காமல் விட்டிருந்தான். சோம்பல். புதியது ஏதோ தானாக இறங்கியிருக்கிறது. அதற்கு இந்தப் பழைய சுவிட்ச் விளங்கவில்லை. போன கிழமை முதலாளி ஹில்மியிடம், “எல்லா வேர்ஷனையும் பூட்டியாச்சு, எப்ப கட்டினாலும் ஒரே மாதிரித்தான் வரும்” என்று மார்தட்டியிருந்தான்.

இறங்காதீங்க. ஒரு சொல் போதும். ஆனால் ஏனென்று கேட்பார். முதலாளியிடமும் சொல்வார்.

“ஓம் காக்கா, தெரியிது.”

தண்ணீர் கலங்கும் சத்தம் கேட்டது.

பழைய வேர்ஷனின் இலக்கத்தைத் தேடி எழுதினான். திரும்பக் கட்டத் தொடங்கினான். வாவிக்கரைச் சிக்னலில் அது ஊர்ந்து ஊர்ந்து இறங்கியது. இருட்டினால் சக்கரங்கள் தாமாக ஓடும். வெளியே மைமல் பொழுது கறுத்துக்கொண்டு வந்தது. கூப்பிடலாம். இப்பவும் கூப்பிடலாம். மெயின் சுவிட்ச் கைக்கெட்டும் தூரம்தான். இன்னும் கொஞ்சம். யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும்.

சக்கரம் சுற்றியது.

ஒரு சத்தம். ஆளின் சத்தம்தான். பாதியில் நின்றது. சக்கரம் எதிலோ சிக்கி இழுத்தது. திரும்பவும் இழுத்தது.

திரை மாறியது. மூன்றாம் குளம்: ஆள் உள்ளே.

சக்கரங்கள் நின்றன.

டோர்ச்சோடு ஓடினான். ஆதம்பாவா காக்கா சக்கரத்தில் தொங்கிக் கிடந்தார். முகம் தண்ணீருக்குள். அசைவில்லை. சுற்றிவர இறால்கள் மேலே வந்திருந்தன. வெளிச்சத்தில் ஆயிரமாயிரம் கண்கள், தணலாக. நடுவில் ஓரிடம் மட்டும் கருமை. ஓர் ஆள் அகலம். அது நகர்ந்தது. கண்கள் விலகி வழிவிட்டன. அவனை நோக்கி.

வாயைத் திறந்தான். அப்போதும் சொல் வரவில்லை.

கரையோரக் கண்கள் இரு பக்கமாகப் பிரிந்தன. தண்ணீருக்கு மேலே ஒன்றுமில்லை. அவன் காலடியில், காய்ந்த மண்ணில், ஈரமாக ஒரு பாதம் பதிந்தது.

பிறகு மற்றது.