ஐந்து பேர் தூக்கிய கண்ணாடி

விளையாட்டு அறையின் சுவரில் ஒரு மரப்பலகை தொங்கியது. பள்ளியின் ஓட்ட அணி ஒவ்வோர் ஆண்டும் எத்தனையாவது இடம் பெற்றது என்று அதில் எழுதியிருந்தார்கள். கடைசி இரண்டு வரிகளில் மட்டும் எண்ணே இல்லை. ‘முடிக்கவில்லை’ என்ற ஒரே சொல்தான் இருந்தது.

“இந்த வருஷமும் அதே வார்த்தைய எழுத வெச்சீங்கன்னா, பலகையவே கழட்டிடுவாங்க,” என்றார் பி.டி. டீச்சர். “ஹெட்மாஸ்டர் சொல்லிட்டார். அப்புறம் ஓட்ட அணியே கிடையாதாம்.”

சில்லுவுக்குத் திக்கென்றது. அவள் அணியில் சேர்ந்து நான்கே நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அணியே இல்லை என்றால் எப்படி?

பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. அம்மா கண்ணாடிக் கடை வைத்திருந்ததாலும், பிறந்தபோது மிகச் சிறிய குழந்தையாக இருந்ததாலும், வீட்டில் சில்லு என்று கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. அணியில் இருந்த ஒருவன் வேறு பள்ளிக்குப் போய்விட்டான். “யார் வர்றீங்க?” என்று டீச்சர் வகுப்பில் கேட்டபோது, சில்லு யோசிப்பதற்கு முன்பே அவள் கை மேலே போய்விட்டது. இதுவரை எந்த விளையாட்டுக்கும் அவளை யாரும் சேர்த்துக்கொண்டதில்லை.

ஐந்தாம் எண் போட்ட சட்டை அவளுக்கு முழங்கால் வரை வந்தது.

“சட்டை ஓடி வருது, உள்ள ஆள் இருக்கா பாருங்கப்பா!” என்று கத்தினான் டமாரம். அவன் குரல் அப்படி. மைதானத்தின் இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடியில் காகம் பறக்கும்.

அணியில் டமாரத்தைத் தவிர உப்பு, மிளகு என்ற இரட்டைச் சகோதரிகள் இருந்தார்கள். அப்புறம் ராக்கெட். அவள்தான் கேப்டன். பள்ளியிலேயே வேகமானவள்.

ஆண்டுதோறும் பள்ளிகளுக்கிடையே நடக்கும் அந்தப் போட்டியின் விதி கொஞ்சம் வேடிக்கையானது. தூரம் மூன்று கிலோமீட்டர். முதலில் வருபவருக்கு அங்கே பரிசு கிடையாது. ஓர் அணியின் ஐந்தாவது ஆள் எப்போது கோட்டைத் தாண்டுகிறாரோ, அதுதான் அந்த அணியின் நேரம். இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் ‘முடிக்கவில்லை’ என்று எழுதிவிடுவார்கள்.

அன்று டீச்சர் ஒவ்வொருவரின் நேரத்தையும் குறித்தார். ராக்கெட் முதல் சுற்றில் பறந்தாள். நான்காவது சுற்றில் இடுப்பில் கை வைத்து நடந்தாள். டமாரம் மூன்றாவது சுற்றின் நடுவில் தண்ணீர்க் குழாயடிக்குப் போய்விட்டு வந்தான்.

சில்லு எல்லாருக்கும் பின்னால் வந்தாள். ஆனால் அவளுடைய நேரத்தைப் பார்த்து டீச்சர் புருவத்தைத் தூக்கினார். முதல் சுற்று இரண்டு நிமிடம் இருபது விநாடி. இரண்டாவதும் அதே. மூன்றாவதும் அதே. டீச்சர் கடிகாரத்தைக் குலுக்கிப் பார்த்தார். காதில் வைத்துப் பார்த்தார். நான்காவது சுற்று ஒரு விநாடி அதிகம்.

“அப்பாடா, வாட்ச் ஓடுது,” என்றார். “ஏம்மா, மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே ஓடுறியா?”

“இல்ல டீச்சர். சும்மாதான் ஓடுறேன்.”

ஏன் அப்படி வருகிறது என்று சில்லுவுக்கே தெரியவில்லை. மாலையில்தான் தெரிந்தது.

மூன்று தெரு தள்ளி இருந்த முடி திருத்தகத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடி கொண்டுபோக வேண்டியிருந்தது. வெறும் கண்ணாடியைத் தொட அம்மா அவளை விடமாட்டார். மரச்சட்டம் அடித்து, கம்பளி சுற்றிய பிறகுதான் அவள் கை வைக்கலாம். அம்மா முன்பக்கம் பிடித்தார், சில்லு பின்பக்கம்.

முன்னால் போகிறவர் வழியைப் பார்க்க வேண்டும். பின்னால் வருகிறவர் நடையைப் பார்க்க வேண்டும். சில்லு வேகமாக அடி வைத்தால் கண்ணாடி அம்மாவை இடிக்கும். மெதுவாக வைத்தால் அம்மாவின் கையை இழுக்கும்.

“படி,” என்றார் அம்மா. “பள்ளம்… சைக்கிள்.”

இரண்டாவது தெருவில் சில்லுவுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

“அம்மா! நான் எப்போலேர்ந்து இப்படித் தூக்குறேன்?”

“நீ ரெண்டாவது படிக்கிறப்போலேர்ந்து. ஏன், கை வலிக்குதா?”

“வலிக்கல. அம்மா, இடது பக்கம் நாய்!”

“நாயை நான் பாத்துக்கறேன். நீ நடையைப் பாரு.”

சில்லு சிரித்துக்கொண்டே நடையைப் பார்த்தாள். இரவு நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டாள். மைதானத்தில் பத்துச் சுற்று ஓடினால் மூன்று கிலோமீட்டர். அவளுடைய சீரான ஓட்டத்தில் பத்துச் சுற்றுக்கு இருபத்து மூன்று நிமிடம் இருபது விநாடி. இன்னும் நூறு விநாடி மிச்சம்!

மறுநாள் அந்தத் தாளை ராக்கெட்டிடம் நீட்டினாள்.

“எல்லாரும் இதே மாதிரி ஒண்ணா ஓடினா போதும். கண்டிப்பா முடிச்சிடலாம்.”

ராக்கெட் தாளைப் பார்த்தாள். சில்லுவைப் பார்த்தாள். “நாம ஓட்டப்பந்தயத்துக்குப் போறோமா, ஊர்வலத்துக்குப் போறோமா?”

டமாரம் விழுந்து விழுந்து சிரித்தான். உப்பும் மிளகும்கூட வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“முடிஞ்ச வரைக்கும் வேகமா ஓடு. அவ்வளவுதான்,” என்றாள் ராக்கெட். “எங்களுக்குக் கணக்கு வாத்தியார் இருக்கார்.”

சில்லுவின் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் தாளைக் கிழிக்கவில்லை. நான்காக மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். பலகை கழற்றப்படக் கூடாது. அவள் பெயர் இன்னும் அதில் ஏறவே இல்லையே!

போட்டி நாள் வந்தது. ஒன்பது பள்ளிகள், நாற்பத்தைந்து பேர். அம்மாவின் கைக்கடிகாரம் சில்லுவின் மணிக்கட்டில் வளையம் போல ஆடியது.

விசில் ஊதியதும் எல்லாரும் பாய்ந்தார்கள். ராக்கெட் மூன்றாவது ஆளாகப் போனாள். ஒரு நிமிடத்துக்குள் சில்லு நாற்பத்தைந்தாவது ஆள். கால்வாய்ச் சாலையில் அவளுக்கு முன்னால் முதுகுகள் மட்டும் தெரிந்தன. பிறகு அவையும் தெரியவில்லை.

‘வேகமா, இன்னும் வேகமா’ என்று கால்கள் கெஞ்சின. அவள் மாட்டேன் என்றாள். ஒரே நடை. முன்னால் அம்மா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு போவதாக நினைத்துக்கொண்டாள்.

கால்வாய்ப் பாலத்தருகே மிளகு விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உப்பு பக்கத்தில் தவித்துக்கொண்டிருந்தாள்.

“குத்துது. என்னால முடியாது,” என்று அழுதாள் மிளகு.

சில்லு கடிகாரத்தைப் பார்த்தாள். நூறு விநாடி கையிருப்பு. செலவு செய்ய வேண்டிய நேரம் இதுதான்.

“மூச்சை நல்லா விடு. இன்னொரு தடவை. இப்போ கேளு. நம்ம மூணு பேருக்கும் நடுவுல ஒரு பெரிய கண்ணாடி இருக்கு. நீ அந்தப் பக்கம் பிடி, நான் இந்தப் பக்கம். வேகமா போனாலும் உடையும், நின்னாலும் உடையும்.”

“எங்க? கண்ணாடி எதுவும் தெரியலையே?”

“நல்லாத் துடைச்ச கண்ணாடி எப்படித் தெரியும்?”

மிளகுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. மூன்று பேரும் கையைக் கொஞ்சம் விரித்து, இல்லாத கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கினார்கள். இருபத்தைந்து விநாடி செலவு.

தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டுச் சாலையின் பாதியில் டமாரம் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். அவன் சத்தம் இல்லாமல் இருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

“நீங்க போங்க. நான் காலி,” என்றான் மெல்லிய குரலில்.

“நீ இல்லாம போய் என்ன பண்றது? அஞ்சு பேரும் வந்தாத்தானே கணக்கு!” என்றாள் சில்லு. “எழுந்திரு. கண்ணாடிக்கு ஒரு கை குறையுது.”

“என்ன கண்ணாடி?”

உப்பு படபடவென்று விளக்கினாள். டமாரம் ஒரு நொடி வாயைப் பிளந்தான். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

“சும்மா வந்தா போதும்,” என்றாள் சில்லு.

“சும்மா வர்றதுதான் எனக்குக் கஷ்டம்,” என்றான் அவன். அடுத்த நிமிடமே பழைய குரல் திரும்பிவிட்டது. “தள்ளு, தள்ளு! கண்ணாடி வருது, கண்ணாடி!”

முன்னால் மூச்சு வாங்க நடந்துகொண்டிருந்த வேறு பள்ளிப் பையன்கள் பயந்துபோய் ஓரமாக ஒதுங்கினார்கள். நால்வரும் நடுச்சாலையில் தாண்டிப் போனார்கள்.

மேட்டின் உச்சியில், தொட்டியின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு ராக்கெட் நின்றாள். முகம் சிவந்திருந்தது. எத்தனையோ பேர் அவளைத் தாண்டிப் போயிருந்தார்கள். சில்லுவைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“சொல்லு. அப்பவே சொன்னேன்னு சொல்லு,” என்றாள்.

சில்லுவின் நாக்கு நுனியில் அதுதான் இருந்தது. விழுங்கிக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். கையிருப்பு முப்பது விநாடிதான்.

“எங்களுக்கு முன்னாடி பிடிக்க ஆள் இல்ல,” என்றாள். “நான் நடையைத்தான் பார்ப்பேன். வழி பார்க்க எனக்கு வராது. நீ முன்னாடி வர்றியா?”

ராக்கெட் மெதுவாகத் திரும்பினாள். “நான் பழக்க தோஷத்துல வேகமா போயிட்டா?”

“கண்ணாடி இழுக்கும். உனக்கே தெரிஞ்சிடும்.”

ராக்கெட் மூக்கைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். கைகளைப் பின்னால் நீட்டினாள். “பிடிச்சாச்சா?”

“பிடிச்சாச்சு!” என்றன நான்கு குரல்கள்.

ஐந்து பேரும் இறங்கினார்கள்.

“பள்ளம்!” என்றாள் ராக்கெட். “வளைவு! கல்லு, பார்த்து!”

பின்னால் சில்லுவின் கால்கள் டக், டக் என்று ஒரே சீராக விழுந்தன. இறக்கத்தில் ஒரு தடவை ராக்கெட்டின் கால் வேகம் பிடித்தது. அவளே “ஐயோ, இழுக்குது!” என்று அடங்கினாள்.

மைதான வாசல். வெள்ளைக் கோடு. மேலே பெரிய கடிகாரம். இருபத்து நான்கு நிமிடம் நாற்பது விநாடி.

“இப்போ வேகமா ஓடிடலாமா?” என்று கத்தினான் டமாரம்.

“வேணாம்!” என்றாள் சில்லு. “வாசல்லதான் நிறைய கண்ணாடி உடையும். அதே நடை!”

அதே நடை. ராக்கெட் தாண்டினாள். உப்பும் மிளகும் தாண்டினார்கள். டமாரம் தாண்டினான். ஐந்தாம் எண் சட்டை தாண்டியபோது, இருபத்து நான்கு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி.

ஒன்பது பள்ளிகளில் மூன்று பள்ளிகள் முடிக்கவே இல்லை. இவர்கள் ஐந்தாவது இடம்.

டீச்சர் ஓடி வந்தார். “முடிச்சிட்டீங்க! பலகையில அஞ்சுன்னு எழுதலாம்! ஆமா, ஏன் எல்லாரும் கையை இப்படி வெச்சிருக்கீங்க? சுளுக்கா?”

“தள்ளி நில்லுங்க டீச்சர்!” என்று அலறினான் டமாரம். “கண்ணாடி!”

டீச்சர் ஒன்றும் புரியாமல் இரண்டடி பின்னால் குதித்தார்.

ராக்கெட் சிரிக்கவில்லை. கைகளை அப்படியே வைத்துக்கொண்டு, திரும்பிச் சில்லுவைப் பார்த்தாள். “இப்போ என்ன பண்ணணும்? நீதானே சொல்லணும்.”

“மெதுவா இறக்கணும்,” என்றாள் சில்லு. “எல்லாரும் சேர்ந்து. ஒண்ணு, ரெண்டு, மூணு…”

ஐந்து பேரும் குனிந்து, அந்தப் பெரிய கண்ணாடியைப் புல்தரையில் மெல்ல இறக்கிவைத்தார்கள். அதில் ஒரு கீறல்கூட விழவில்லை.