அரைப் பேர் பெட்டரி

நமுனுகுல மலையில் மழைக்கும் கரண்டுக்கும் ஆகவே ஆகாது. ஒன்று வந்தால் மற்றது போய்விடும். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் அது எரிச்சல். துஷாந்தினிக்கு மட்டும் பயம்.

அவளுடைய தம்பி ஜனுஷனுக்கு நாலு வயது. குளிர் ஏறினால் அவனுக்கு மூச்சு இழுக்கும். உடனே அவனைப் பிள்ளைக் காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் மெஷின் அங்கேதான் இருந்தது. ஆனால் கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் டப்பா.

போன மழையில் அப்படித்தான் ஆயிற்று. அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, மண் சரிந்த பாதையெல்லாம் சுற்றி, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். அதற்குள் ஜனுஷனின் உதடு நீலமாகிவிட்டது. அதை நினைத்தால் துஷாந்தினிக்கு இப்போதும் சோறு இறங்காது.

அதனால் ஒரு சனிக்கிழமை பிள்ளைக் காம்பரா வாசலில் லொறி வந்து நின்றபோது முதலில் ஓடியவள் அவள்தான்.

லொறியில் பெரிய சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருந்தது. அதோடு வந்தவர் ஸரூக். பதுளை டவுனில் மின்சாரக் கார்களைத் திருத்துகிறவர்.

“இது கரண்ட் காருட பெட்டரி,” என்றார் அவர். “காருக்குப் பழசாப் போனா வீசுறதில்ல. சோதிச்சுப் பார்த்து, கரண்ட் நிக்காத இடங்களுக்கு அரசாங்கம் சும்மாவே குடுக்குது. கரண்ட் இருக்கிற நேரம் நிரம்பிக்கும். கரண்ட் போனா லைட்டும் எரியும், உங்கட புகை மெஷினும் ஓடும்.”

துஷாந்தினிக்கு அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

லொறி டிரைவர் பெட்டியை இறக்க வந்தார். “பார்த்துப் பிடிங்க. செத்த கார் பெட்டரின்னாலும் பாரம் சாகலையே,” என்று சொல்லிச் சிரித்தார்.

வாசலில் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லீலா நின்றார். பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். அவருடைய முகம் மாறியது.

“செத்த காரா? அதுல யாரு செத்தாங்க?”

“ஐயோ, அது சும்மா சொல்ற பேச்சு. யாரும் சாகல்ல,” என்றார் ஸரூக்.

“காரு நல்லா இருந்தா அதோட பெட்டரிய ஏன் கழட்டினீங்க?”

ஸரூக் எழுபது வீதம், எண்பது வீதம் என்று ஏதேதோ விளக்கினார். ஒருவருக்கும் புரியவில்லை.

“வீதமெல்லாம் எனக்கு வேணாங்க,” என்றார் லீலா. “செத்தவங்க கார்ல கழட்டினத, பச்சப் புள்ளைங்க தூங்குற எடத்துல வைக்க விடமாட்டேன்.” கதவைச் சாத்திவிட்டார்.

மற்ற அம்மாமாரும் தயங்கி நின்றார்கள். பெட்டியை, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்துக் கொட்டகையில் வைத்தார்கள். ஸரூக் தன்னுடைய போன் நம்பரை அம்மாவிடம் கொடுத்தார்.

“வார சனிக்கிழமை வருவேன். அப்பவும் வேணாம்னா வேற தோட்டத்துக்குக் குடுத்துருவேன். கேட்டுக்கிட்டு நிறையப் பேர் இருக்காங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் துஷாந்தினி வெடித்தாள்.

“லீலா அத்தைக்குப் பைத்தியம்!”

“அப்படிப் பேசாத,” என்றார் அம்மா. “அவ மகன் பெரகல வளைவுல கார் கவுந்துதான் செத்தான். காரு நசுங்கிக் கெடந்துச்சு. அவனை எடுத்து அடக்கம் பண்ணிட்டு அந்தப் பக்கம் போனா, டயரு, பெட்டரி எல்லாத்தையும் யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்க. அத அவ கண்ணால பார்த்தா.”

துஷாந்தினியின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஜனுஷனின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அத்தைக்குப் பயம் பெட்டரி மேல் இல்லை, அது இருந்த கார் மேல்தான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அம்மாவின் போனை வாங்கி ஸரூக்கைக் கூப்பிட்டாள். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் அழைப்பார்கள்.

“நானா, அந்தக் காரு இப்ப எங்க இருக்கு?”

“ஹாலிஎலையில ஓடுது, மகள். ஒரு டீச்சருட கார். புதுப் பெட்டரி போட்டிருக்கு. பழசுக்கு ஏத்தம் ஏற ஏலாது. பாதியிலயே களைச்சுப் போகும். ஆனா லைட்டுக்கும் மெஷினுக்கும் அது தாராளம்.”

“அந்தக் காரைக் கூட்டிட்டு வர முடியுமா, நானா?”

“காரைக் கூட்டிட்டு வரவா?” ஸரூக் சிரித்தார். அவள் லீலா அத்தையின் மகனைப் பற்றிச் சொன்னாள். அவர் சிரிப்பதை நிறுத்தினார்.

“டீச்சர்ட்ட கேட்டுப் பாக்கிறேன், மகள்,” என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு சின்ன வெள்ளைக் கார் சத்தமே இல்லாமல் மலை ஏறி வந்தது. லயத்து நாய்களுக்கே அது வந்தது தெரியவில்லை. ஓட்டி வந்தவர் ஷஹீலா டீச்சர். பக்கத்தில் ஸரூக் இருந்தார்.

துஷாந்தினி போய் லீலாவின் கையைப் பிடித்தாள். “அத்தை, அந்தக் காரு வந்திருக்கு. வந்து பாருங்க.”

லீலா மெதுவாக வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். கதவுகளைத் தடவிப் பார்த்தார். எங்கேயும் நசுங்கல் இல்லை.

“இதுல யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?”

“ஒண்ணும் ஆகல்ல,” என்றார் டீச்சர். “என்ட புள்ளைகள் இதுலதான் ஸ்கூல் போறாங்க.” பின்கதவைத் திறந்து காட்டினார்.

சீட்டெல்லாம் பிஸ்கட் தூள். கீழே ஒரு சின்னச் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. லீலா அதை எடுத்துத் தூசி தட்டி, நிமிர்த்தி வைத்தார். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒருவரும் தடுக்கவில்லை.

அழுது முடித்துக் கேட்டார். “அப்ப எதுக்குக் கழட்டினாங்க?”

ஸரூக் மறுபடியும் “எழுபது வீதம்” என்று ஆரம்பித்தார். துஷாந்தினி குறுக்கே புகுந்தாள்.

“அதுக்கு அரைப் பேர் அத்தை. முழு வேலை செய்ய முடியல. அதான் காருல இருந்து எடுத்துட்டாங்க.”

சொன்ன அளவு கொழுந்து பறிக்காவிட்டால் அரை நாள் வேலை என்றுதான் பதிவார்கள். அதற்குத் தோட்டத்தில் அரைப் பேர் என்று பெயர். அது விழாத வீடே லயத்தில் இல்லை. அம்மாமார் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

“அதுக்குமா அரைப் பேர் போட்டாங்க? பாவம்,” என்றார் ஒருவர்.

லீலாவின் உதட்டிலும் சிரிப்பு வந்தது. “அரைப் பேர் விழுந்தவங்கெல்லாம் செத்தா போயிட்டோம்? கொண்டாந்து வைங்க,” என்றார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் கரண்ட் போனது. அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால் ஜனுஷன் அக்காவோடு வீட்டில் இருந்தான். அவனுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது.

துஷாந்தினி அவனை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினாள். லயம் முழுக்க இருட்டிக்கொண்டு கிடந்தது. பிள்ளைக் காம்பராவில் மட்டும் விளக்கு எரிந்தது. அவள் ஓடி வருவதைப் பார்த்ததுமே லீலா மெஷினைத் தட்டிவிட்டு, மூக்கில் வைக்கும் மூடியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

“வா ராசா. மெதுவா இழு. அவசரமே இல்ல,” என்று அவனை மடியில் வாங்கிக்கொண்டார்.

மெஷின் நிற்காமல் ஓடியது. துஷாந்தினி தம்பியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நீலமாகவில்லை. நெஞ்சு மெல்ல மெல்ல அடங்கியது. ஜனுஷன் மூடியைத் தள்ளிவிட்டு அக்காவைப் பார்த்தான்.

“பசிக்குது,” என்றான்.

அவ்வளவுதான். துஷாந்தினி ஓவென்று அழத் தொடங்கினாள்.

“அழாத, ரொட்டி உனக்கும்தான்டி இருக்கு,” என்று சிரித்தார் லீலா.