நாக்கு போட்ட மதிப்பெண்

குருவம்மாளுக்கு இடது தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும் போல வலித்தது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. எதிரே அவள் கணவன் சுடலைக்கண்ணு, கணுக்காலில் வார் மாட்டித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். குழித்த உள்ளங்கையால் அவன் முதுகில் நிமிடத்துக்கு அறுபது தட்டு, அரை மணி நேரம். அப்போதுதான் அன்றைக்கு நெஞ்சுக்குள் போன செந்தூசி சளியோடு இறங்கித் தொட்டியில் விழும். அந்த நீள அறையில் நாற்பது பேர் அப்படித் தொங்கினார்கள். தட்டுகிறவர்கள், யார் மகளுக்குச் சம்பந்தம் வந்திருக்கிறது, யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று பேசிக்கொண்டே தட்டினார்கள். செவ்வாய்க் கிரகத்தின் நான்காம் பனிக்குழியில் வேலை முடிந்தவர்கள் இந்த அலசகத்தைக் கடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

"இன்னிக்கும் ரெத்தம் கலந்து வருது," என்றாள்.

"கொஞ்சமா நெறயவா?"

"கொஞ்சம்."

"பொய் சொல்லுத. தொட்டி என் மூஞ்சிக்கு நேராத்தான் இருக்கு."

மருத்துவப் பொறி போன மாதமே சொல்லிவிட்டது. இனியும் குழிக்குள் இறங்கினால் அடுத்த தீநாளைச் சுடலைக்கண்ணு பார்க்க மாட்டான். மேல்தளத்துக் காற்றில் இருந்தால் பதினைந்து வருடம் ஓட்டலாம். பொறி எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லாது. குழியாட்கள் மேல்தளத்துக்குப் போக ஒரே வழி, சுடுகறிப் போட்டி.

குடியிருப்பில் நெருப்பு மூட்டக் கூடாது. ஒரு அடுப்பு ஒரு நாளில் தின்கிற உயிர்வளி முப்பது பேர் மூச்சுக்குச் சமம். வருடத்தில் ஒரு நாளுக்கு மட்டும் அந்தத் தடையை நீக்குவார்கள். அதுதான் தீநாள். சோளத்தட்டையை அழுத்திச் செய்த கரியில் நாற்பது அடுப்பு எரியும். அடுப்புக்கு இரண்டு பேர். தொட்டியில் வளர்த்த வளர்கறியை ஆறு மணி நேரம் புகையிலும் தணலிலும் போட்டு எடுத்து, பேரில்லாத பெட்டியில் எண் மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டும். குலுக்கலில் எடுத்த ஆறு குழியாட்கள் வாய் மட்டும் தெரிகிற முகமூடி மாட்டிக்கொண்டு தின்றுவிட்டு, ஆளுக்குப் பத்துக்கு இத்தனை என்று போடுவார்கள். ஜெயித்த இருவருக்கும் மேல்தள மின்னடுப்படியில் நிரந்தர வேலை. மற்றவர்களுக்கு மறுநாள் காலை குழி.

மூன்று வருடமாகக் குருவம்மாள் தோற்றுக்கொண்டிருந்தாள். போன வருடம் இரண்டே மதிப்பெண்ணில் போயிற்று. எவன் எத்தனை போட்டான், ஏன் போட்டான் என்று கேட்டால் பதில் கிடையாது. மொத்தத்தை மட்டும்தான் சொல்வார்கள். மதிப்பெண் அட்டையைக் காட்டினால் நடுவர்கள் பயந்துகொண்டு போடுவார்கள் என்பது நிர்வாகத்தின் கட்சி.

அதை உடைக்கத்தான் அவளும் சந்தனமாரியும் இரண்டு வருடமாக வாசல் வாசலாக ஏறிக் கையெழுத்து வாங்கினார்கள். சந்தனமாரி குழியில் அவளுக்கு ஜோடி. ஒரே துளைப்பொறியின் இரண்டு பிடியை ஆளுக்கு ஒன்றாகப் பிடிக்கிறவர்கள். அவள் சுடலைக்கண்ணுவை அண்ணன் என்றும் குருவம்மாளை மைனி என்றும் கூப்பிடுவாள். நான்கு வருடத்துக்கு முன்பு சந்தனமாரியும் அவள் கணவன் கோயில்பிள்ளையும் மூன்று மதிப்பெண்ணில் தோற்றார்கள். பத்து மாதம் கழித்து ஒருநாள், அலசகத்தில் தொங்கியபடியே கோயில்பிள்ளை செத்துப்போனான். சந்தனமாரி அது தெரியாமல் மிச்ச நேரத்தையும் தட்டி முடித்தாள்.

அவர்கள் கேட்டது அட்டையை மட்டுமல்ல. குடியேறுகிற ஒவ்வொருவர் நாக்கிலும் எள் அளவு ஆணி ஒன்று அறையப்பட்டிருந்தது. கெட்ட சாப்பாட்டைக் கண்டுபிடிக்க வைத்த சுவையாணி அது. நாக்குக்கு எது எவ்வளவு பிடித்தது என்பதையும் அது பத்துக்கு இத்தனை என்று பதிந்து வைத்திருந்தது. ஆரம்பத்திலேயே ஆணியை நடுவராக வைத்திருக்கலாம். ஆணி போடுகிற மதிப்பெண்ணை எவன் ஒத்துக்கொள்வான், மனுசன் தின்று மனுசன் போடட்டும் என்று ஊர் சொல்லிவிட்டது. இப்போது கைபோட்ட மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் நாக்கு போட்ட மதிப்பெண்ணையும் வைத்துக் காட்டுங்கள் என்று கேட்டார்கள்.

நிர்வாகம் கடைசியில் ஒத்துக்கொண்டது. பழைய போட்டிகளின் அட்டையும் திறக்கப்படும், ஆனால் தோற்ற ஜோடியில் ஒருவர் வந்து கேட்டால் மட்டும். நாக்குக்கு மாறாகக் கை பொய் போட்டு, அதனால் ஒரு ஜோடி தோற்றிருந்தால் அவர்கள் மேலே போகலாம். ஜோடியில் ஒருவர் செத்திருந்தால் இடம் கிடையாது. பொய் போட்ட நடுவர் ஆயுசுக்கும் மேல்தளம் போக முடியாது, அவரோடு ஜோடி சேர்ந்தவரும் போக முடியாது. இந்தக் கடைசி விதியை வைத்தே தீர வேண்டும் என்று மேசையைத் தட்டிப் பேசியவள் குருவம்மாள்.

அலசகத்துக்கு எதிர்ச் சுவரில்தான் அட்டைகளைத் திறந்தார்கள். முதல் நாளே எழுபது பேர் வரிசை. குருவம்மாளின் எண் பதினொன்று, சந்தனமாரியுடையது பன்னிரண்டு. சுவருக்குப் பக்கத்தில் கணக்கர் தாணுலிங்கம் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல," என்றார். "பாக்காமப் போனா நிம்மதியாப் போவிய."

"எங்க நிம்மதிய நாங்க பாத்துக்கிடுதோம் அண்ணாச்சி. நீரு தொறயும்," என்றாள் குருவம்மாள்.

சுவரில் போன வருட நடுவர்களின் ஆறு வரிகள் ஒளிர்ந்தன. ஐந்து நடுவர்களின் நாக்கும் கையும் ஏறக்குறைய ஒத்துப்போயின. மூன்றாவது வரியில் நாக்கு ஒன்பது, கை ஆறு. பேர், ஐயம்பெருமாள்.

ஐயம்பெருமாள் அவளுடைய சொந்த அண்ணன். வரிசைக்கு வெளியே, அவளுக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டினான்.

"வாயில வச்சதும் ஒன் கறின்னு தெரிஞ்சு போச்சு," என்றான். "தணல்ல புளித்தண்ணி தெளிக்கது நீ ஒருத்திதான. கூடப் போட்டா தங்கச்சிக்குப் போட்டுட்டான்னு ஊரு காறித் துப்பும். அதான் கொறச்சேன். மத்தவன் எவனும் சரியாப் போட்டுருவான்னு நெனச்சேன்."

"முகமூடி போட்டுருந்த. பேரு யாருக்கும் தெரியாது. ஊரு எப்படித் துப்பும்?"

அவள் பக்கத்தில் நின்ற சுடலைக்கண்ணு சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அவனைக் குந்த வைத்துவிட்டது. "மச்சான், ஒம்ம நேர்மையில கொஞ்சத்த எனக்கு மூச்சாத் தந்திருக்கலாம்," என்றான், மூச்சு வந்த பிறகு.

தாணுலிங்கம் முத்திரை குத்தினார். மதிப்பெண்ணைத் திருத்தியதில் போன வருடப் போட்டியை அவர்கள் ஒரு மதிப்பெண்ணில் ஜெயித்திருந்தார்கள். நாளைக் காலை முதல் ஏற்றத்தில் இருவரும் மேலே போகலாம். ஐயம்பெருமாள் ஆயுசுக்கும் குழிதான். "எனக்கு மேல என்ன சோலி," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். குருவம்மாள் அவனைக் கூப்பிடவில்லை. கணவனின் கையைப் பிடித்துத் தூக்கினாள். தோள்வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

அடுத்த எண் பன்னிரண்டு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நான்கு வருடத்துக்கு முந்தைய அந்தப் போட்டியில் முகமூடி மாட்டி உட்கார்ந்த ஆறு பேரில் அவளும் ஒருத்தி. நடுவர் என்ற முறையில் அந்த வருடம் அவள் சமைக்கவில்லை. இருபத்தாறாம் பெட்டியைத் திறந்ததும் கருகிய பூண்டுத்தோல் வாசம் வந்தது. அது யார் கை என்று நாக்குக்குப் போவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்தது. அவ்வளவு நல்ல கறியை அவள் அதற்கு முன் தின்றதில்லை. இவள் மேலே போய்விட்டால் நான் யாரோடு துளைப்பொறி பிடிப்பேன், எனக்கு முன்னால் இவள் ஏன் போக வேண்டும் என்று ஒரு நொடி தோன்றியது. ஐந்து போட்டாள். வெளியே வந்ததும் உப்புக் கொஞ்சம் கூடுதல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாலு தரம் சொன்னதும் அது உண்மையாகிவிட்டது. கோயில்பிள்ளையின் சாவு வீட்டில் மூன்று நாள் சோறாக்கிப் போட்டபோதுகூட அவளுக்கு அந்த ஐந்து ஞாபகம் வரவில்லை.

சந்தனமாரி சுவரை நோக்கி நடந்தாள். குருவம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மாரி, நீ எதுக்குட்டி பாக்கணும்?"

"இது என்ன கேள்வி மைனி?"

"ஒனக்கு எடமும் கெடையாது. அவரும் இல்ல. பாத்து என்ன ஆகப்போவுது? மனசு கெட்டுப்போவும்."

"ஆபீஸ்காரவ்வோ மாதிரியே பேசுதிய," என்று சந்தனமாரி சிரித்தாள். "எடத்துக்கா பாக்கேன். எவன் கைன்னு தெரியணும். அவ்வளவுதான். நாலு வருசமா எதுத்தாப்புல வாற ஒவ்வொருத்தன் கையையும் பாத்துட்டு நடக்கேன். அது ஒண்ணு நின்னாப் போதும்."

குருவம்மாள் மணிக்கட்டை விடவில்லை. பிடி ஒரு தரம் தளர்ந்து மறுபடி இறுகியது. சந்தனமாரி அந்த விரல்களைக் குனிந்து பார்த்தாள். பிறகு குருவம்மாளின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. எட்டு வருடம் ஒரே பொறியைப் பிடித்தவர்கள். மறுமுனையில் இருப்பவளுக்குக் கை தளர்ந்தால் இவளுக்குத் தெரியும்.

"பன்னெண்டு," என்றார் தாணுலிங்கம். "யாரு பன்னெண்டு?"

"எத்தன மைனி?" என்று கேட்டாள் சந்தனமாரி. மெதுவாகத்தான் கேட்டாள்.

பொய் சொல்ல வாய் வந்தது. மூன்றடி தள்ளி இருக்கிற சுவரில் உண்மை இருந்தது.

"நாக்கு ஒம்பது சொல்லியிருக்கும். நான் அஞ்சு போட்டேன்."

"நாலு," என்று கணக்குப் போட்டாள் சந்தனமாரி.

"மாரி, ஒன் கால்ல விழுதேன். அவரு நாளைக்கு மேல போவணும். இந்த அட்ட தொறந்தா அதுவும் போயிரும். நான் வச்ச விதிதான். எனக்குத் தெரியும். அவருக்கு அடுத்த தீநாள் கெடையாதுட்டி."

"எங்க வீட்டு ஆளு தோத்தது மூணுல," என்றாள் சந்தனமாரி. "நீங்க கொறச்சது நாலு."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சுடலைக்கண்ணு சுவரோரம் குந்தியபடி, இங்கே என்ன நடக்கிறதென்று தெரியாமல், "மாரி, ஒனக்கும் நல்லது வரட்டும்," என்று கையசைத்தான். அந்த ஒரு வாக்கியத்துக்கே அவனுக்கு இரண்டு தரம் மூச்சு வாங்கியது.

சந்தனமாரி அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கையிலிருந்த பன்னிரண்டாம் எண் வில்லையைத் தாணுலிங்கத்தின் மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"ஆளு இல்லன்னு எழுதிக்கிடுங்க அண்ணாச்சி."

திரும்பி வந்து குருவம்மாளின் காதருகே நின்றாள். "சுடலை அண்ணனுக்காகத்தான். ஒனக்குன்னு நெனச்சிராத," என்றாள். எட்டு வருடத்தில் அவள் மைனியை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. "அந்த நாலு எனக்கு வரணும். எப்படித் தருவன்னு எனக்குத் தெரியாது. ஆனா வரணும்."

இரவுக் குழிக்கு மணி அடித்தது. சந்தனமாரி தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். துளைப்பொறியின் மறுமுனைக்கு அன்றைக்கு யாரைப் போட்டார்களோ தெரியாது.

அடுத்த பத்து நாளில் சுவர் நாற்பத்தொரு நடுவர்களைக் காட்டிக்கொடுத்தது. கொழுந்தியாளுக்குக் கூட்டிப் போட்டவர்கள் ஏழெட்டுப் பேர்தான். சொந்தக்காரனுக்குப் போட்டதாகப் பேர் வருமென்று குறைத்தவர்கள், அடுத்த வருடம் தான் ஜெயிக்க வேண்டுமென்று குறைத்தவர்கள், பக்கத்து நடுவர் எத்தனை போடுகிறார் என்று எட்டிப் பார்த்து அதையே போட்டவர்கள்தான் அதிகம். நாக்கு ஒருவரிடமும் பொய் சொல்லியிருக்கவில்லை. பந்தியில் யாரும் யார் பக்கத்திலும் உட்காரவில்லை. இரண்டு கல்யாணம் நின்றது. அலசகத்தில் தட்டுகிறவர்கள் வாய் திறக்காமல் தட்டினார்கள்.

பதினோராம் நாள் ஊர்க்கூட்டம் போட்டார்கள். கையைத் திருத்த வேண்டுமென்று யாரும் பேசவில்லை. நாக்கைப் பிடுங்க வேண்டுமென்று பேசினார்கள். சுவையாணியை எல்லோருக்கும் கழற்றிவிடலாம், பழைய பதிவுகளை அழித்துவிடலாம், அட்டையை முன்போல மூடிவிடலாம், ஊர் ஒற்றுமைதான் முக்கியம் என்றார்கள். முதலில் கையெழுத்துப் போட்டு அட்டையைத் திறக்கச் சொன்னவர்கள்தான் இதற்கும் முதலில் கையெழுத்துப் போட்டார்கள். வாக்கெடுப்புக்கு முன்னால் இன்னொரு வாக்கெடுப்பு நடந்தது. யார் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று ஒருமனதாக முடிவாயிற்று.

குருவம்மாள் மேல்தள அடுப்படியிலிருந்தே வாக்களித்தாள். பக்கத்தில் சுடலைக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். இருமலே இல்லை. அவளுக்குத் தட்டுகிற வேலையும் இல்லை. திரையில் இரண்டு வட்டங்கள் தெரிந்தன. அழிக்கலாம் என்ற வட்டத்தில் விரலை வைத்தபோது அவள் திரையைப் பார்க்கவில்லை.

"என்ன முடிவாச்சு?" என்று கேட்டான் அவன்.

"மூடியாச்சு."

"ரெண்டு வருசம் கெடந்து அலஞ்சிய, ரெண்டு பேரும். மாரி என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

அன்று மாலைக்குள் பதிவுகளை அழித்துவிட்டார்கள். இருபத்தாறாம் பெட்டிக்கு இனி அட்டை இல்லை. அதைத் தின்ற நாக்கில் ஆணியும் இல்லை. குருவம்மாள் சந்தனமாரிக்கு நான்கு மதிப்பெண் தர வேண்டும்.