துக்க வீட்டில் சொல்லக் கூடாதது

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் நாளைக் காலை எனக்குக் காப்பி தொண்டையில் இறங்காமல் போகட்டும். அதைவிடப் பெரிய சத்தியம் எனக்குத் தெரியாது.

செம்பியன் பட்டாளத்திலிருந்து மேற்கு மாம்பலத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் வந்து இறங்கியபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. எல்லையில் பதுங்குகுழிக்குப் பக்கத்தில் குண்டு விழுந்த அன்று அவனும் கூடவே பட்டாளத்திலிருந்த ஊரூர் மீனவர் குப்பத்து முருகையனும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். சட்டை மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். டீகூடக் குடித்தார்கள்.

அப்புறம்தான் ஆரம்பித்தது. தலைவலி. காதுக்குள் ஓயாத ரீங்காரம். அடுப்பில் வைத்த பாலை மறந்தான். சில நாள் மகள் நிலாவின் பெயரையே மறந்தான்.

“வெடிச்ச அதிர்ச்சி காத்துல அலையா வந்து மண்டைக்குள்ள பூந்துடும். ஓடு உடையாது, உள்ளே மூளை குலுங்கிடும். மெல்லிசான நரம்பிழையெல்லாம் அறுந்துபோகும், ஸ்கேன்ல தெரியாமகூட இருக்கலாம். விடாம வாங்க, பார்க்கலாம்” என்றார் அடையாறு டாக்டர் தீபிகா.

செம்பியன் மறுபடி அங்கே போகவில்லை. இந்தக் கோளாறுக்கெல்லாம் அவனிடம் வேறு காரணம் இருந்தது.

முருகையன் செத்துப்போனான் என்று தனியாகக் குப்பத்துக்குப் போனவன், கிளம்பும்போது வாய் தவறி, “போயிட்டு வரேன் மச்சி” என்று பிணத்திடம் சொல்லிவிட்டானாம். துக்க வீட்டில் யாராவது அப்படிச் சொல்வார்களா? பேசாமல் இறங்கி நடக்க வேண்டாமா?

“கூடவே வந்துட்டான் பொன்மணி” என்று மனைவியிடம் கிசுகிசுத்தான்.

அன்றிலிருந்து ஜன்னலோர நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது. அதன்மேல் ஒரு டம்ளர் டீ வைப்பான். அந்தப் பக்கம் போனால் உப்புக்காற்றும் வெடிமருந்தும் கலந்த வாடை.

தீபாவளிக் காலையில் தெருவில் சரவெடி வெடித்தது. செம்பியன் நிலாவை வெடுக்கென்று இழுத்துக் கட்டிலுக்கடியில் புகுந்தான். குழந்தையின் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

பொன்மணி பையை எடுத்தாள்.

“வேளச்சேரி அண்ணன் ஊட்டுக்குப் போறோம். டாக்டராண்ட வர்றியா, சொல்லு. பேய்தான் ஒசத்தின்னா அதுக்கே டீ போட்டுக்கினு கெட.”

செம்பியன் நாற்காலியின் முன் நின்றான்.

“போடா முருகையா. போயிட்டு வான்னு சொல்ல மாட்டேன். போ.”

ரீங்காரம் நின்றது.

“போய்ட்டாம்மே!” என்றான், அழுதுகொண்டே. “வா, புள்ள கையைக் காட்டிட்டு அப்டியே என் மண்டையையும் காட்டிக்கினு வரலாம்.”

“இத்தினி நாளா இன்னாய்யா பண்ணிக்கினு இருந்த?” பொன்மணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அவன் நிலாவைத் தூக்கிக்கொண்டு தெருமுனை ஆட்டோவுக்கு நடந்தான். பொன்மணி கதவைச் சாத்தும்போது, தினமும் சாமி படத்திடம் சொல்வதைச் சொன்னாள்.

“போயிட்டு வரோம்.”

“வாம்மா தங்கச்சி.”

உள்ளேயிருந்து.

பொன்மணியின் காதருகே எந்தக் குண்டும் விழுந்ததில்லை.

கதவை மெல்லத் தள்ளினாள். நாற்காலி காலி. டம்ளரும் காலி.

டம்ளரின் அடியில் ஈர மணல்.

இன்று காலை குப்பத்தில் எனக்கு நெத்திலி அள்ளிப் போட்டது முருகையன்தான். அவன் வீட்டில் சாவே விழவில்லையாம்.