கொழும்பில் பாஸ்போர்ட்... வயலில் பிணம்!

தியாகு குப்புறக் கிடந்தான்.

முகம் சேற்றில். பின்மண்டையில் மண்வெட்டி வெட்டு!

அம்சவல்லி அழவில்லை. புருஷன் போன துக்கத்தை ஆத்திரம் விழுங்கியிருந்தது. அவள் கண்ணெதிரே அவளுடைய அண்ணன் அறிவுமதியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம்! எங்கண்ணனை விடுங்க!"

இன்ஸ்பெக்டர் சாஜிதா திரும்பினாள். "நேத்து டீக்கடையில உன் புருஷன் சட்டையைப் பிடிச்சு, கொன்னுடுவேன்னு கத்தினது யாரும்மா?"

"மச்சானுக்கும் மச்சானுக்கும் ஆயிரம் இருக்கும். அதுக்குக் கொலையா?"

செல்போன் அலறியது.

வீடியோ கால். காலையிலேயே சேதி அனுப்பியிருந்தாள்; கூப்பிட்டது கொழுந்தன் ராஜராஜன். அமெரிக்காவில் எம்.எஸ். படிப்பவன். பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங்குக்காக ஊருக்கு வராமல் கொழும்பில் இறங்கியிருந்தான். அங்கே சீக்கிரம் கிடைக்கும் என்று எவனோ சொன்னானாம். அவனுக்குப் பின்னால் வெறும் சுவர்.

"அண்ணி... அண்ணன் முகத்தைப் பார்க்கக்கூட வர முடியலையே! பாஸ்போர்ட் எம்பஸியில மாட்டிக்கிச்சு அண்ணி!"

"அப்புறம் பேசுறேன் தம்பி."

வைத்தவளின் பார்வை வயலில் விழுந்தது.

நேற்று நட்ட குறுவை. விடிகாலையில் தண்ணீர் வைக்க வந்தவன் தியாகு. மடையைத் திறந்துவிட்டுச் செத்திருந்தால், இந்நேரம் பயிர் முழுகியிருக்க வேண்டும்.

முழுகவில்லை!

தண்ணீர் பாதி வயல்கூட ஏறவில்லை; அதற்குள் மடை அடைத்திருந்தது. வைக்கோல் பிரி முறுக்கித் திணித்து, மேலே சேறு பூசி... கச்சிதமாக.

"மேடம்! கொன்னுட்டு ஓடுறவன் நின்னு மடை அடைப்பானா?"

"என்ன உளர்றே?"

"எங்கண்ணன் செல்போன் கடை வச்சிருக்கிறவரு. வரப்புல நடந்தாலே வழுக்கி விழுவாரு. இது இந்த வயல்லயே வளர்ந்த கை! என் மாமனாருக்கு ரெண்டே பசங்க. ஒருத்தர் இதோ கிடக்கிறாரு..."

"இன்னொருத்தன் கொழும்புல! பாஸ்போர்ட் எம்பஸியில! பறந்தா வந்தான்?"

"வயலை வித்துப் பணம் அனுப்புன்னு உயிரை எடுத்தான் மேடம். இவரு ஒரேயடியா மாட்டேன்னுட்டாரு."

சாஜிதா நிமிர்ந்தாள். அவள் நாகூர்க்காரி. இக்கரைக்கும் அக்கரைக்கும் நடுவே இருட்டில் என்னென்ன வரும், போகும் என்று தெரிந்தவள்.

"படகு...!" என்றாள். "படகுக்காரன் பாஸ்போர்ட்டா கேட்பான்? போனைப் போடு. ஸ்பீக்கர்ல!"

அம்சவல்லி பல்லைக் கடித்துக்கொண்டாள். குரலில் மட்டும் அழுகையை வரவழைத்தாள்.

"தம்பி... உங்கண்ணன் மடையைத் திறந்துபோட்டுட்டுப் போயிட்டாரு. நட்ட பயிரு பூரா முழுகிப்போச்சுப்பா!"

"முழுகாது அண்ணி! நான்தான் பிரி வச்சு இறுக்கி அடைச்சு..."

வார்த்தை பாதியில் நின்றது.

விற்கத் துடித்த வயல்தான். ஆனாலும் தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்!

"அடப்பாவி!" அம்சவல்லி வெடித்தாள். "கூடப் பிறந்தவரை வெட்டிப் போட்டுட்டு பயிரைக் காப்பாத்தினியா? அவரு உசுரு ஒரு நாத்துக்குக்கூடப் பெறலையாடா?"

"அண்ணி... நான் கொழும்புல... என்கிட்ட பாஸ்போர்ட்டே இல்ல..."

சாஜிதா போனைப் பிடுங்கினாள்.

"விடிகாலையில வெட்டிட்டு, காலையில கொழும்பு போய்ச் சேர ராக்கெட்டா வச்சிருக்கே? நேத்து ராத்திரியிலேருந்து சூறைக்காத்து எச்சரிக்கை. பூம்புகார்லேருந்து நாகப்பட்டினம் வரைக்கும் ஒரு படகும் கிளம்பலை. நீ இன்னும் இக்கரையிலதான் இருக்கே!"

போனுக்குள்ளே... அலைச் சத்தம்!

"விமானம் ஏறலாம்னா பாஸ்போர்ட் எம்பஸியில. நீ போட்ட பூட்டு தம்பி, உன்னையே பூட்டிடுச்சு!"

ஜீப்பின் கதவு திறந்தது. அறிவுமதி இறங்கி ஓடிவந்தான். அண்ணனின் தோளில் சாய்ந்த பிறகுதான் அம்சவல்லிக்கு அழுகை வந்தது.

"மேடம்..." போனில் ராஜராஜன் விம்மினான். "என்னை என்ன பண்ணப் போறீங்க?"

"பயப்படாதே. எங்க ஜெயிலுக்கு விசா வேணாம்... இன்டர்வியூ மட்டும் நான் எடுப்பேன்!"